சின்னச் சுழலை மேகப்படத்தில் கண்டுபிடிப்பது எப்படி? ரெங்கம் வட்டாரத்தார் கேட்ட கேள்விகள்

ஜொகூரில் ரெங்கத்துக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, வேலை செய்கிறேன். காலையில் பெரட்டு (ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது) முடிந்ததும் ஆபீஸ் வாசலில் இருக்கும் மழைமானியைப் பார்த்து எழுதுவது என் பொறுப்பு. அந்தக் கணக்கை எழுதி எழுதித்தான் மழை எங்கிருந்து வருகிறது என்று தேடும் பழக்கம் வந்தது. இன்று பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், லாரி ஓட்டுநர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் எனப் பலரும் மழைச் சீசனில் செயற்கைக்கோள் படத்தை அனுப்பி, “இது என்ன அண்ணே?” என்று கேட்கிறார்கள். அடிக்கடி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சுழல் என்று நான் சொல்வது தாழ்வழுத்தத்தை, அதாவது காற்றழுத்தம் குறைந்து, சுற்றுப்புறக் காற்று சுழன்றபடி உள்ளே வரும் இடத்தை.

நம் பக்கம்தான் புயலே வராதே? பிறகு எதற்கு இதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சின்ன வயதில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். புவி சுழல்வதால் காற்று வளைகிறது. அந்த வளைவு நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட வர வர மங்கிவிடும். நாம் இருப்பது ஏறக்குறைய 2 பாகை வடக்கில். சென்னை 13 பாகையில் இருக்கிறது. அங்கே காற்றைத் திருப்பும் அந்த விசையில் ஆறில் ஒரு பங்குகூட நமக்குக் கிடையாது. அதனால் 5 பாகைக்குள் புயல் உருவாகாது என்று பாடநூல்கள் எழுதின.

ஆனால் 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற புயல் வந்தது. தென் சீனக் கடலில், நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் ஒன்றரை பாகை வடக்கில் உருவாகி, அன்றே ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர்தான் தூரம். ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளம். ஜப்பான் வானிலை நிறுவனம் அதை வெப்பமண்டலப் புயல் என்ற அளவிலேயே வைத்தது, அமெரிக்காவின் கூட்டுச் சூறாவளி எச்சரிக்கை மையம் அதற்கும் மேலே சூறாவளி என்று கணக்கிட்டது. சின்னச் சுழல் என்றால் நிபுணர்களுக்குள்ளேயே இப்படி ஒத்துப்போகாது. வாமெய் என்பது மக்காவ் கொடுத்த பெயர், ஒரு பாடும் பறவையைக் குறிக்கும். அந்தப் பெயரைப் பிறகு பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

2025 நவம்பர் இறுதியில் சென்யார் என்ற புயல் மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, சுமாத்திராவில் பெருவெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் நிலம் நெருக்கும் ஒரு குறுகிய நீர்ப்பரப்பு அது. ஆகவே ‘வராது’ என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். ‘அபூர்வம்’ என்று சொல்கிறேன்.

‘சின்ன’ தாழ்வழுத்தம் என்றால் எவ்வளவு சின்னது?

1979-இல் பசிபிக்கில் வந்த டிப் சூறாவளி சுமார் 2,200 கிலோமீட்டர் குறுக்களவு கொண்டது. 2008 அக்டோபரில் மெக்சிகோவுக்கு அருகே வந்த மார்கோ என்ற புயலில், பலத்த காற்று மையத்திலிருந்து ஏறக்குறைய 19 கிலோமீட்டர் வரைதான் வீசியது. ரெங்கத்திலிருந்து குளுவாங் போய் வருகிற மாதிரி ஒரு வட்டாரத்துக்குள் அடங்கிவிடும். நாம் தேடுவது பெரும்பாலும் நூறு முதல் சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ளவை. உலகப் படத்தில் ஒரு பொட்டு மாதிரி இருக்கும். பெரிதாக்கிப் பார்க்காவிட்டால் தவறிவிடும்.

படத்தில் பெரிய வெள்ளைத் திட்டு இருக்கிறதே, அதுதானே சுழல்?

எனக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நம் நிலத்தில் மதியம் வெயில் ஏறி, மூன்று நான்கு மணிக்கு இடி மழை கட்டுகிறது. அந்த மேகம் 15 கிலோமீட்டர் உயரம் வரை போய், மேலே இடமில்லாமல் கொல்லனின் அடைகல் மாதிரி விரியும். செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பதால் அந்த விரிந்த தலை மட்டுமே தெரியும். பகாங் முழுவதையும் மூடியதுபோல இருக்கும். நடு இரவுக்குள் அது கிழிந்து பஞ்சாகப் போய்விடும். அது வெறும் இடிமேகக் கூட்டம், தாழ்வழுத்தம் இல்லை.

பல வருடங்களுக்கு முன் அப்படியொரு திட்டைப் பார்த்துவிட்டு, “பெரிய புயல் வருகிறது” என்று நான் சொன்னேன். எங்கள் லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இரண்டு குடும்பம் இரவோடு இரவாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போயின. மறுநாள் தூறல்கூட இல்லை. அதில் ஒரு வீட்டு அக்காவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒற்றைப் படத்தை வைத்து நான் எதையும் சொல்வதில்லை.

வெள்ளை எவ்வளவு பெரிது என்று பார்க்காதீர்கள். அதன் ஓரத்தில், அடியில், சின்னச் சின்ன மேகங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பாருங்கள். தாழ்வழுத்தம் காற்றைக் கீழே உள்ளிழுக்கிறது. தாழ்ந்த மேகங்கள் வரிசை வரிசையாக வளைந்து ஒரே புள்ளியைச் சுற்றி, நம் வட பாதியில் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக ஓடினால் அங்கே ஏதோ இருக்கிறது. சுழல் நன்றாகக் கூடிவிட்டால் மேலே விரியும் வெண்மேகம் வலஞ்சுழியாக வெளியே பிரியும். கீழே இடஞ்சுழி, மேலே வலஞ்சுழி. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அப்படியானால் எத்தனை படம் பார்க்க வேண்டும்?

ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட்டுப் பாருங்கள், பன்னிரண்டு மணி நேரம் இருந்தால் இன்னும் நல்லது. ஜப்பானின் ஹிமாவாரி-9 செயற்கைக்கோள் நம் பகுதியை 10 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கிறது. 2022 டிசம்பரில்தான் அது ஹிமாவாரி-8-இடமிருந்து பொறுப்பேற்றது. ஆறு மணி நேரம் என்றால் 36 படம். நிற்கும் படத்தில் சுழலே தெரியாது, ஓடவிட்டால் சட்டென்று கண்ணில் படும். கூட்டத்தில் தெரிந்தவரின் நடையைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வதில்லையா, அது மாதிரி.

சுழலும் புள்ளி நேரத்துக்கு நேரம் இடம் தாவினால் நம்பாதீர்கள். மெதுவாக, ஒரே திசையில் நகர்ந்துகொண்டு, மேகம் அழிந்தாலும் அதே புள்ளிக்கு அருகே மறுபடி மறுபடி கட்டினால் அதுதான் அடையாளம். கடலில் மேகம் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கட்டும், பகலில் கலையும். பகலில் கலைந்ததைப் பார்த்து “போய்விட்டது” என்று முடிவு கட்ட வேண்டாம். மறுநாள் விடியலில் அதே இடத்தைப் பாருங்கள்.

எங்கே பார்ப்பது? காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். ஜப்பான் வானிலை நிறுவனத்தின் தளம், ஜூம் எர்த், நாசாவின் வோர்ல்ட்வியூ எல்லாம் இலவசம். நம் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் தளத்திலும் மைசுவாச்சா செயலியிலும் முன்னறிவிப்பும் எச்சரிக்கையும் வரும். சில தளங்களில் நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும், அதோடு 8 மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். படத்தில் 23:00 என்றிருந்தால் நமக்கு மறுநாள் காலை 7 மணி. இதைக் கவனிக்காமல் நேற்றைய படத்தை இன்றையது என்று அனுப்புகிறவர்கள் நிறைய.

இரவில் கறுப்பாக இருக்கிறதே?

கண்ணால் பார்ப்பது போன்ற படத்துக்கு வெயில் வேண்டும். இரவில் அகச்சிவப்புப் படத்துக்கு மாறுங்கள். அது வெப்பத்தை அளப்பது. மேகத்தின் தலை எவ்வளவு குளிரோ அவ்வளவு வெள்ளையாக, அல்லது அடர்ந்த நிறமாகக் காட்டுவார்கள். உறை நிலைக்குக் கீழே 70, 80 பாகை என்று வந்தால் மேகம் மிக உயரமாக எழும்பியிருக்கிறது.

இதில் ஒரு குறை உண்டு. நாம் தேடும் தாழ்ந்த மேகங்கள் கடல் நீரின் வெப்பத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக இருப்பதால் இரவு அகச்சிவப்புப் படத்தில் மறைந்துபோகும். மேல்காற்று மேகத்தின் தலையை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கும், உண்மையான மையம் அந்த வெள்ளைக்கு வெளியே வெறுமையாகக் கிடக்கும். இரவெல்லாம் வெள்ளைத் திட்டின் நடுவைத்தான் மையம் என்று நினைத்திருப்போம். காலை வெளிச்சம் வந்ததும் பார்த்தால் சுழல் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே காலை ஏழரை மணிப் படம் எனக்கு முக்கியம். சூரியன் தாழ இருப்பதால் உயர்ந்த மேகங்கள் நிழல் விழுத்தி, எது மேடு எது பள்ளம் என்று காட்டிக்கொடுக்கும். பசியாறும்போது அதைத்தான் பார்ப்பேன்.

படத்தில் மேகம் கொஞ்சம் மேற்கே, பத்து பகாட் பக்கம் தள்ளி இருக்கிறது, மழை இங்கே பெய்கிறதே!

கண் சரியாகத்தான் இருக்கிறது, பார்க்கும் கோணம்தான் சாய்வு. ஹிமாவாரி கிழக்கே 140.7 பாகைத் தீர்க்கரேகையில், பப்புவா நியூகினி பக்கம் வானத்தில் நிற்கிறது. அங்கிருந்து நம்மைச் சாய்வாகப் பார்க்கிறது. 15 கிலோமீட்டர் உயர மேகத்தின் தலை, உண்மையான இடத்திலிருந்து கிட்டத்தட்ட அதே அளவு மேற்கே தள்ளித் தெரியும். பெரிய புயலில் இது பொருட்டல்ல. சின்னச் சுழலில் 14 கிலோமீட்டர் என்பது நம் ஆற்றுக்கும் அடுத்த ஆற்றுக்கும் உள்ள வித்தியாசம். சீனாவின் ஃபெங்யுன்-4 வரிசைச் செயற்கைக்கோள் ஒன்று 105 பாகையில், நம் தலைக்கு ஏறக்குறைய நேரே நிற்கிறது. அந்தப் படம் கிடைத்தால் ஒத்துப் பாருங்கள்.

டிசம்பரில் சரவாக் பக்கம் அடிக்கடி ஒரு சுழல் தெரிகிறது. அது என்ன?

அதற்குப் போர்னியோ சுழல் என்று பெயர். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வடகிழக்குப் பருவக்காற்று போர்னியோவின் வடமேற்குக் கரையை ஒட்டி வளையும்போது உண்டாகும். ஒவ்வொரு சீசனிலும் பலமுறை வந்து போகும். பெரும்பாலும் சரவாக்கிலும் கடலிலும் மழையைக் கொட்டிவிட்டு அடங்கும்.

கவலைப்பட வேண்டியது அதோடு குளிர்காற்று அலை சேரும்போது. சைபீரியா, சீனா பக்கமிருந்து காய்ந்த குளிர்காற்று திடீரென்று தென் சீனக் கடலில் இறங்கும். படத்தில் அது அழகாகத் தெரியும்: கடலின் மேல் மேகங்கள் சீப்பால் சீவியதுபோலக் கோடு கோடாக வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடும். அந்தக் கோடுகள் தெற்கே நீண்டு, போர்னியோ சுழலைச் சுற்றி வளையத் தொடங்கினால், அடுத்த சில நாளுக்குக் கிழக்குக் கரையும் ஜொகூரும் கவனமாக இருக்க வேண்டும்.

வாமெய் பிறந்ததும் இப்படித்தான். குளிர்காற்று ஏறக்குறைய ஒரு வாரம் விடாமல் வீசியது. போர்னியோ சுழல் நிலத்தின் மேல் போகாமல், தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் இடைப்பட்ட குறுகிய கடலின் மேலேயே சில நாள் தங்கிவிட்டது. புவியின் சுழற்சி தராத திருப்பத்தை, இரண்டு நிலத்துக்கும் நடுவே நெருக்கி ஓடிய காற்றே கொடுத்தது. அதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஊரிலிருந்து அந்தக் கடல் அத்தனை பக்கம்.

விடியற்காலையில் மேற்கேயிருந்து அடித்துக்கொண்டு வரும் காற்றும் இதுதானா?

இல்லை. அது சுமாத்திராக் காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் சுமாத்திராவிலோ நீரிணையிலோ கட்டி, விடியலுக்கு முன்னே நம் மேற்குக் கரையில் ஏறும் இடிமழை வரிசை. படத்தில் வில் போன்ற நீண்ட கோடாக இருக்கும், சுற்றாது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் தாண்டிப் போகும். செம்பனை மட்டையைப் பிய்த்துப் போடும், கூரைத் தகரத்தைத் தூக்கும். ஆனால் நாள் கணக்கில் மழை தராது.

பலம் குறைந்த சுழல்தானே, காற்றே இல்லையே. பயப்பட வேண்டுமா?

இங்குதான் எனக்கு மனது பதறும். நம் நாட்டில் ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் மழையும் வெள்ளமும்தான், காற்று இல்லை.

2021 டிசம்பர் நடுவில் தென் சீனக் கடலிலிருந்து ஒரு தாழ்வு மண்டலம் தீபகற்பத்தின் மேல் வந்தது. பெயர் வைக்கும் அளவுக்குக்கூடப் பலமில்லை. மேகப்படத்தில் ஒழுங்கான வடிவமே இல்லாமல் சிதறிக் கிடந்தது. ஆனால் மெதுவாக நகர்ந்தது. சிலாங்கூரில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நம் ஆட்கள் எத்தனை பேர் கூரை மேல் உட்கார்ந்து இரவைக் கழித்தார்கள் என்று நீங்கள் அறிவீர்கள். நாட்டில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன் 1996 டிசம்பர் 26 அன்று சபாவில் கிரேக் என்ற சின்னப் புயல் ஏறி, கெனிங்காவ் பக்கம் ஆற்று வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் போனார்கள்.

தோட்டக் கணக்கில் சொல்கிறேன். 1 மில்லிமீட்டர் மழை 1 ஹெக்டரில் பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர். 1,000 ஹெக்டர் தோட்டத்தில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 100 கோடி லிட்டர். அவ்வளவும் கானில் (வடிகாலில்) இறங்கி, ஆற்றில் இறங்கி, தாழ்ந்த லயத்துப் பக்கம்தான் வரவேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் இரண்டு முறை மூழ்கியபோது, நான் காலையில் போய்ப் பார்க்க, மழைமானிக் குடுவை நிரம்பி வழிந்திருந்தது. எவ்வளவு பெய்தது என்று எழுத வழியில்லை. அந்த நாளின் கட்டத்தில் ‘வழிந்தது’ என்று மட்டும் எழுதினேன்.

ஆகவே சுழலைப் பார்த்தால் காற்றின் வேகத்தைக் கேட்பதற்கு முன் அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று கேளுங்கள். மெதுவானது கெட்டது.

கைப்பேசியில் காற்றழுத்தமானி இருக்கிறது. மதியம் 3 புள்ளி இறங்கியது. தாழ்வழுத்தமா?

அநேகமாக இல்லை. நம் பகுதியில் காற்றழுத்தம் தினமும் அலைபோல ஏறி இறங்கும். காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4, விடியல் 4 வாக்கில் பள்ளம். 3 ஹெக்டோபாஸ்கல், அதாவது கைப்பேசி காட்டும் அந்த 3 புள்ளி, இறங்குவது சாதாரணம். இன்று மாலை நான்கு மணியை நேற்று மாலை நான்கு மணியோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே நேரத்து அளவு குறைந்துகொண்டே வந்தால் மேகப்படத்தைத் திறக்கலாம்.

மற்ற நாடுகளிலும் இப்படி வினோதமான சின்னச் சுழல்கள் உண்டா?

உண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நார்வேக்கு வடக்கே, பனிக்கட்டியிலிருந்து இறங்கும் கடுங்குளிர்க்காற்று கொஞ்சம் வெதுவெதுப்பான கடலின் மேல் வரும்போது துருவத் தாழ்வு உண்டாகிறது. சில நூறு கிலோமீட்டர் அகலம், ஆயுள் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள். சிலவற்றுக்கு நடுவில், பெரிய புயலுக்கு இருப்பதுபோல, மேகமில்லாத ‘கண்’ணும் இருக்கும். 1960-களில் செயற்கைக்கோள் வரும்வரை மீனவர்கள் திடீர்க் காற்று என்று மட்டும் சொன்னார்கள், உருவத்தை யாரும் பார்த்ததில்லை. மத்தியதரைக் கடலிலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு, வெப்பமண்டலப் புயல் சாயலில் வரும். 2023 செப்டம்பரில் டேனியல் என்ற அத்தகைய புயல் லிபியாவின் டெர்னாவில் அணைகளை உடைத்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. புயலே வராது என்றிருந்த பிரேசில் கரையில் 2004 மார்ச்சில் கத்தரினா என்ற புயல் ஏறியது.

சுழல் போலத் தெரிந்தும் தாழ்வழுத்தம் அல்லாதவையும் உண்டு. குளிர்காலத்தில் கொரியாவின் ஜெஜு தீவுக்குத் தெற்கே, மலையில் மோதிய காற்று இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிக்கும். வாய்க்காலில் கல்லுக்குப் பின்னால் தண்ணீர் சுழிப்பதே அங்கே மேகத்தில் தெரிகிறது.

நான் ஒரு சுழலைப் பார்த்துவிட்டேன். யாரிடம் சொல்வது?

முதலில் படத்தின் நேரத்தையும் இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வானிலை ஆய்வுத் துறை ஏதாவது சொல்லியிருக்கிறதா பாருங்கள். தொடர்மழை எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் வஸ்படா (கவனம்), ஆரஞ்சு என்றால் பூருக் (மோசம்), சிவப்பு என்றால் பஹாயா (ஆபத்து). ஆற்று மட்டத்துக்கு வடிகால் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளம் இருக்கிறது. இரண்டையும் பார்க்காமல் குழுவில் “புயல் வருகிறது” என்று போடாதீர்கள்.

அவர்கள் எச்சரிக்கை கொடுத்திருந்து, படத்திலும் சுழல் நம் பக்கம் மெதுவாக நகர்ந்தால், எங்கள் தோட்டத்தில் செய்வது இதுதான்: ஆற்றோர வரிசையில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டிகளின் வீட்டுக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய், மாத்திரை, அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிப் பை மூன்றையும் மேலே எடுத்துவைக்கச் சொல்கிறோம். பின்வழிச் சாலையில் தண்ணீர் ஏறும் முன்பே தோட்டத்து லாரியை மேட்டில் நிறுத்துகிறோம். இரவு இரண்டு மணிக்கு ஒருவர், நான்கு மணிக்கு ஒருவர் எழுந்து பாலத்தடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறார். மழைமானியை இரவிலேயே ஒருமுறை அளந்து கொட்டிவிட்டு மறுபடி வைக்கிறேன்.